மரம் யாருடையது?

(மாவட்டப் பயிற்சி முகாமின் இரண்டாம் நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இம்முகாம் நிறைவேற்றவிருக்கும் தீர்மானங்களின் வரைவு உங்கள் கைகளிலே இருக்கிறது. ஐந்தாவது தீர்மானத்தைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் இராணுவ ஆட்சி யுரேனியச் சுரங்கத்தை நாட்டுடைமையாக்கியதை ‘மனமார வாழ்த்துகிறோம்’ என்பது அதன் முதற் பகுதி. பருவநிலை மாற்றத்தால் அல்லலுறும் அந்நாட்டுக்குச் செல்வ நாடுகள் நிதி வழங்க வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. அதன்மீது பேசத்தான் என்னை அழைத்தார்கள். காலையில் வரைவைப் படித்த ஒரு தோழர், “நம் ஊர்ச் சாக்கடைக்கே வழி காணோம், நைஜர் நமக்கு எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாத நாட்டைப் பற்றித் தீர்மானம் போடுவது எளிது, கைதட்டலுடன் முடிந்துவிடும். தெரிந்துகொண்டு போடுவதென்றால் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தீர்மானத்தில் ஒரு சொல்லை நான் ஏற்கவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நைஜீரியா வேறு, நைஜர் வேறு. நைஜீரியாவுக்கு வடக்கே, கடலே இல்லாமல், சகாரா பாலைவனத்தைத் தலையிலே சுமந்து கிடக்கும் நாடு நைஜர். பரப்பு 12 இலட்சத்து 67 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மணல். 1960இல் விடுதலை பெற்றபோது மக்கள் தொகை 35 இலட்சத்தை எட்டவில்லை. இன்று 2 கோடி 60 இலட்சத்துக்கும் மேல். ஐவரில் நால்வர் உழவையும் கால்நடையையும் நம்பி வாழ்பவர்கள். சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் ஒரே பருவமழை. அது பொய்த்தால் ஆண்டே பொய்த்தது. ஐக்கிய நாடுகள் சபை வெளியிடும் மனித மேம்பாட்டுப் பட்டியலில், 2019ஆம் ஆண்டுக்கான கணக்கில், 189 நாடுகளுள் 189ஆவது இடம் பெற்ற நாடு அது.

அவர்கள் உண்பது என்ன தெரியுமா? கம்பு! நம் பாட்டன்மார் கூழாகக் குடித்த அதே கம்பு. அந்தத் தானியம் முதன்முதல் பயிராக்கப்பட்டதே மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த வறண்ட வட்டாரத்தில்தான் என்கிறார்கள் தாவர ஆராய்ச்சியாளர். அங்கிருந்து கடல் கடந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தது. நம் கரிசல் காட்டு உழவனுக்குச் சோறு கொடுத்தவர் யார் என்று கேட்டால், பெயர் தெரியாத அந்த ஆப்பிரிக்க உழவர்களின் முன்னோர்தான். ‘நைஜர் நமக்கு எதற்கு’ என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடையென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1968 முதல் 1974 வரை, சகாராவின் தென் விளிம்பாகிய சாகெல் பகுதி முழுவதும் மழை அற்றுப் போயிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. மாடுகள் இலட்சக்கணக்கில் செத்து விழுந்தன. உலகம் என்ன சொல்லிற்று? 1975இல் ஜூல் சார்னி என்ற அமெரிக்க வானிலை அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். இடையர்கள் அளவுக்கு மீறி மாடு மேய்த்தார்கள். புல் அழிந்து வெறும் மண் வெளிப்பட்டது. வெளுத்த மண் வெயிலை எதிரொளித்தது. அதனால் மேகம் திரளாது மழை குன்றிற்று என்பது அதன் சாரம். அறிவியலில் ஒரு கருதுகோளாக அதில் பிழையில்லை. ஆனால் அது நிபுணர்களின் கையிலும் உதவி நிறுவனங்களின் அறிக்கையிலும் ஏறியபோது என்னவாயிற்று? பட்டினி கிடப்பவனே தன் பட்டினிக்குக் காரணம் என்ற தீர்ப்பாயிற்று!

முப்பது ஆண்டுகள் கழிந்தபின் உண்மை வேறாகத் தெரிந்தது. 2003இல் வெளியான ஆய்வு, அந்த வறட்சியின் முதன்மைக் காரணம் கடல்நீரின் வெப்பநிலை மாறியதே என்று நிறுவிற்று. கடலின் வெப்பச் சமநிலை பிறழ்ந்தது. மழைப் பட்டை தெற்கே நகர்ந்தது. அப்பிறழ்வில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் ஆலைகளில் நிலக்கரியை எரித்து வானில் விட்ட கந்தகப் புகைக்கும் பங்குண்டு என்று அறிவியலார் பலர் கருதுகின்றனர். அப்புகை வட அட்லாண்டிக் கடலுக்கு வெயில் படாமல் நிழல் செய்து அதைக் குளிரச் செய்ததாம். மாடு மேய்த்தவன் குற்றவாளிக் கூண்டில் முப்பது ஆண்டுகள் நின்றான். புகைபோக்கிக்கு உடையவன் சாட்சி சொல்ல வந்திருந்தான்.

இப்போது நிலைமை மேலும் சிக்கலாகிவிட்டது. மழை ஓரளவு திரும்பியிருக்கிறது. ஆனால் திரும்பிய விதம் விபரீதமானது. பெரும்புயல் மழைகள் சாகெலில் 1982 முதல் மும்மடங்காகப் பெருகியிருக்கின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டிற்று. நிலம் சூடேறச் சூடேற, அப்புயல்கள் வலுக்கின்றன. வறட்சிக்குப் பேர்போன நாட்டில் 2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வெள்ளத்தாலும் வீடு இடிந்தும் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மண்சுவர் வீடுகள் கரைந்து விழுந்தன. ஜிண்டர் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணால் கட்டிய பெரிய பள்ளிவாசலே இடிந்து வீழ்ந்தது. ஒரு நைஜர் குடிமகன் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு ஒரு டன்னில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்கன் ஒருவனுடையது பதினான்கு டன் அளவு. நாமும் இரண்டு டன் அளவில் நிற்கிறோம். ஆகவே நைஜர்காரனிடம் நாமும் முற்றிலும் குற்றமற்றவர்போல் பேசிவிட முடியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘வானம் கெடுத்தது, வெள்ளைக்காரன் கெடுத்தான், தீர்ந்தது கதை’ என்று எழுந்துவிடாதீர்கள். வானம் பொய்த்த ஒவ்வொரு முறையும் மக்கள் செத்தது எதனால் என்பது தனிக் கேள்வி.

பிரெஞ்சு ஆட்சி தலைக்கு வரி போட்டது. வரியைக் காசாகக் கட்டு என்றது. கம்பு விளைப்பவனிடம் காசேது? நிலக்கடலை பயிரிடச் செய்தார்கள். தெற்கே நல்ல நிலம் கடலைக்குப் போயிற்று. பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குப் பருப்பு போயிற்று. கம்பு வடக்கே, மழை குறைந்த மேய்ச்சல் நிலத்துக்குத் தள்ளப்பட்டது; மேய்ப்பவன் அதற்கும் வடக்கே தள்ளப்பட்டான். விடுதலைக்குப் பின்னும் இது மாறவில்லை. 1960களின் நடுவில் பிரான்சு தந்துவந்த ஆதரவு விலை விலகியபோது, குறைந்த வருவாயை ஈடுகட்ட உழவன் இன்னும் அதிக நிலத்தில் கடலை போட்டான். தரிசு விட்டு நிலத்தை இளைப்பாற வைக்கும் பழைய முறையும் கைவிடப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் 1968இல் வானம் கைவிட்டது. கடலில் நேர்ந்த மாற்றம் மழையைக் குறைத்தது உண்மை; ஆனால் அந்த மழைக்குறைவைத் தாங்கும் வலுவை முன்னமே உருவிவிட்டிருந்தது வரிச் சீட்டு.

2005ஆம் ஆண்டைப் பாருங்கள். முந்தின ஆண்டு மழை குறைந்தது, வெட்டுக்கிளியும் வந்தது. எனினும் தானிய விளைச்சல் வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுதான் குறைந்திருந்தது. அதற்குப் பஞ்சம் வரலாமா? வந்தது! விலை ஏறிற்று, தானியம் அதிக விலை கிடைத்த நைஜீரியச் சந்தைக்கு எல்லை தாண்டிப் போயிற்று. அரசாங்கமோ, இலவசமாகத் தானியம் வழங்கினால் சந்தை கெட்டுவிடும் என்ற ஆலோசனையைக் கேட்டுக்கொண்டு, தொடக்கத்தில் சலுகை விலைக்கு விற்றது. காசில்லாதவனுக்குச் சலுகை விலையும் விலைதானே? அதே ஆண்டு மார்ச்சில் மாவுக்கும் பாலுக்கும் 19 விழுக்காடு வரி விதித்தார்கள். நியாமே நகர மக்கள் தெருவில் இறங்கிப் போராடி அதைப் பின்வாங்க வைத்தார்கள். சாகெல் பஞ்சத்தைத் தம் நூலில் ஆராய்ந்த அமர்த்தியா சென், தானியம் இருக்கிறதா என்பதோடு அதை வாங்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்றார். 1981இல் அவர் எழுதியதை 2005 மறுபடியும் மெய்ப்பித்தது.

அடுத்து யுரேனியம். நம் தீர்மானத்தின் முதற் பகுதி இதைப் பற்றியதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வடக்கே ஆர்லித் என்ற இடத்தில் 1971இல் சுரங்கம் இயங்கத் தொடங்கிற்று. பிரெஞ்சு நிறுவனத்தின் பிடியில் இருந்த அச்சுரங்கத்தின் தாது பிரான்சின் அணு மின் நிலையங்களுக்குப் போயிற்று. பிரான்சின் வீடுகளில் விளக்கெரிந்தது. நைஜரில் இன்றுகூட மின்சாரம் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே எட்டியிருக்கிறது. 1974 ஏப்ரலில் முதல் குடியரசுத் தலைவர் ஹமானி தியோரி, தாதுவுக்குக் கூடுதல் விலை கேட்டுப் பிரான்சுடன் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். அவ்வேளையில், ஏப்ரல் 15ஆம் நாள், சேனி குன்சே என்ற தளபதி ஆட்சியைப் பறித்தார். பஞ்ச நிவாரணத் தானியத்தில் ஊழல் என்பது சொல்லப்பட்ட காரணம். அக்குற்றச்சாட்டு வெறும் புனைவென்று தள்ளவும் நான் ஆயத்தமாக இல்லை.

விலை ஏறவும் செய்தது, பொக்கிஷம் நிறைந்தது, அதை நம்பிக் கடனும் வாங்கினார்கள். 1979இல் அமெரிக்காவில் திரீ மைல் தீவு அணு உலை விபத்து நேர்ந்தது. அணு உலை கட்டும் வேகம் தளர்ந்தது. யுரேனிய விலை சரிந்தது. நைஜரின் வருவாயும் சரிந்தது, கடன் மட்டும் நின்றது. கடனுக்குப் பின்னால் உலக நிதி நிறுவனங்களின் ‘சீரமைப்பு’ வந்தது. கல்விச் செலவைக் குறைப்பதை எதிர்த்து 1990 பிப்ரவரி 9ஆம் நாள் நியாமேயில் கென்னடி பாலத்தின்மீது ஊர்வலம் போன மாணவர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். ஆர்லித் அருகேயிருந்த இன்னொரு சுரங்கம் 2021இல் மூடப்பட்டது. கதிரியக்கக் கழிவு 2 கோடி டன் அங்கேயே திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. தாது போயிற்று, கழிவு தங்கிற்று.

ஆகவே 2025 சூனில் ஆர்லித் சுரங்கத்தை நாட்டுடைமை என்று அறிவித்தபோது அந்நாட்டு மக்கள் மகிழ்ந்ததில் வியப்பென்ன? நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் எனக்குக் குறைவில்லை.

ஆனால் அறிவித்தவர்கள் யார்? 2023 சூலை 26ஆம் நாள், மக்கள் வாக்களித்துத் தேர்ந்த குடியரசுத் தலைவர் பாசூமைச் சிறைவைத்து ஆட்சியைப் பிடித்தவர்கள். அதற்குத் தண்டனை என்று சொல்லி அண்டை நாடுகள் பொருளாதாரத் தடை போட்டன. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு தந்துவந்த நைஜீரியா கம்பியைத் துண்டித்தது. தளபதியின் மாளிகையில் இருளில்லை. மருத்துவமனையிலும் ஏழை வீட்டிலும்தான் இருள். அந்தத் தடையை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். அது 2024 பிப்ரவரியில் நீங்கிற்று. அதன்பின், 2025 மார்ச்சில், தளபதி சியானி ஐந்தாண்டுக்குக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்; அத்துடன் நாட்டின் அரசியல் கட்சிகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. அனைத்தும்! இங்கே ஒரு கட்சியின் பயிற்சி முகாமில் உட்கார்ந்துகொண்டு, கட்சியே இருக்கக்கூடாது என்று ஆணையிட்ட ஆட்சியை ‘மனமார வாழ்த்துகிறோம்’ என்று எப்படி எழுதுவது, தோழர்களே?

நைஜருக்கு இந்த நோய் புதிதன்று. 1958இல் பிரான்சின் கூட்டமைப்பில் நீடிக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்தவர் ஜிபோ பக்காரி என்ற தொழிற்சங்கத் தலைவர். குடியேற்ற அதிகாரிகள் தம் செல்வாக்கையெல்லாம் அவருக்கு எதிராகப் பயன்படுத்தித் தோற்கடித்தனர். மறு ஆண்டு, விடுதலைக்கு முன்பாகவே, அவருடைய சவாபா கட்சி தடைசெய்யப்பட்டது. பஞ்சம் வந்தபோது, ‘தானியம் எங்கே?’ என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க எதிர்க்கட்சி இல்லாத நாடாக அது இருந்தது. அதன் விளைவு எத்தனை உயிர் என்று யார் கணக்கிடுவது?

இனி நான் சொல்ல விரும்புவது மரத்தைப் பற்றி.

தெற்கே மராடி வட்டாரத்தில் காவோ என்றொரு மரம் உண்டு. நம் வேல மரத்தின் இனம். விந்தையான குணம் அதற்கு: மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், கோடையில் தழைத்து நிற்கும். ஆகவே பயிருக்கு நிழல் தட்டாது. உதிர்ந்த இலை எருவாகும். காய் மாட்டுக்குத் தீவனம். பழைய உழவர் இதைப் போற்றி வளர்த்தனர். 1935இல் பிரெஞ்சு ஆட்சி ஒரு காட்டுச் சட்டம் இயற்றிற்று. மதிப்புள்ள மரங்கள் சர்க்காரின் காவலுக்குள் போயின. உன் நிலத்தில் நீ காத்து வளர்த்த மரமேயானாலும் கிளை வெட்டச் சீட்டு வாங்க வேண்டும். இல்லையேல் காட்டுக் காவலன் தண்டம் போடுவான். விடுதலைக்குப் பின்னும் அச்சட்டத்தின் உயிர் போகவில்லை. கொடி மாறிற்று, காவலனின் சீட்டுப் புத்தகம் மாறவில்லை. உழவன் என்ன செய்தான்? முளைத்த கன்றை முளையிலேயே கிள்ளினான். வளர்ந்தால் வழக்கு வருமே! வயல் மொட்டையாயிற்று, விதைத்த கம்பை மணற்காற்று மூடிற்று, ஒரே பருவத்தில் மூன்று முறை, நான்கு முறை விதைக்க நேர்ந்தது.

அந்நாளில் பாலைவனத்தைத் தடுக்க நாற்று நடும் திட்டங்கள் ஏராளம் வந்தன. நட்டவை பெரும்பாலும் செத்தன. 1980களின் தொடக்கத்தில் மராடியில் பணியாற்றிய டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியக் கிறித்தவ ஊழியர் ஒன்றைக் கவனித்தார். வயலில் புதர் என்று எண்ணிய தழைகள் புதரல்ல. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள்! மண்ணுக்குள் வேர் உயிரோடிருந்தது. நாற்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். துளிர்களில் சிலவற்றை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிட்டால் மரம் எழும். தொடக்கத்தில் அவரைப் பித்தர் என்றார்கள். 1984இன் பஞ்சத்தில் நிவாரணத் தானியம் பெற இப்பணி செய்தவர்களில் பலர், பஞ்சம் தீர்ந்ததும் மரத்தை வெட்டி விற்றார்கள். அதையும் மறைக்கத் தேவையில்லை.

முறையைத் திருத்தியது வேறொன்று. 1980களின் நடுவிலிருந்து அரசின் பிடி தளர்ந்தது. காட்டுக் காவலர் தண்டம் போடுவதை நிறுத்தினர். மரம் என்னுடையது என்று உழவன் எண்ணத் தொடங்கினான். அவ்வளவுதான்! ஒருவர் வயலைப் பார்த்து மற்றவர் செய்தார். பெருநிதியும் விழாவும் விளம்பரப் பலகையும் இன்றி, தெற்கு நைஜரில் 50 இலட்சம் ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஏக்கர் நிலத்தில், 20 கோடி மரங்கள் எழுந்தன என்பது பிற்காலத்தில் வான்படங்களை ஒப்பிட்டவர்களின் மதிப்பீடு. தலைநகரத்து அதிகாரிகளுக்கே இது நெடுநாள் தெரியாது. இல்லேலா வட்டாரத்தைப் பற்றியும் ஒரு சொல்: 1989இல் அங்கிருந்து பதின்மூன்று உழவர்கள் அண்டை நாடாகிய புர்கினா பாசோவுக்குச் சென்று, குழி தோண்டி எருவிட்டு மழைநீரைத் தேக்கி விதைக்கும் முறையைக் கண்டு வந்தார்கள். தங்கள் ஊரிலும் மறந்துபோன முறைதான் அது. திரும்பிவந்து சிலர் தோண்டினார்கள். மறு ஆண்டு வறட்சியில் குழி வெட்டிய நிலத்தில் மட்டும் கதிர் நின்றது. பிறகு யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வெயில் கூடிக்கொண்டே போனால் இந்த மரங்களும் குழிகளும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்பீர்கள். எல்லையற்றுத் தாங்கா. ஆனால் பாரிசிலும் ஜெனிவாவிலும் நிதிக் கணக்கு பேசி முடிப்பதற்குள் உழவன் உயிரோடிருக்க அவை உதவியிருக்கின்றன. அந்த நிதிக் கணக்கோ வெட்கக்கேடானது. ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தார்கள். அவர்கள் கணக்குப்படியே அத்தொகை 2022இல்தான் எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன். கூரைக்குத் தீ வைத்தவன் ஓலை வாங்க வட்டிக்குப் பணம் நீட்டுகிறான்! தீர்மானத்தின் இரண்டாம் பகுதியில் ‘நிதி’ என்றிருப்பதை ‘கடனாக அன்றி ஈட்டுத்தொகையாக’ என்று திருத்த வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பொய்யாகும். நைஜரில் பெண்ணொருத்தி சராசரி ஆறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெறுகிறாள்; உலகிலேயே உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. பெண்களில் நான்கில் மூவருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடிந்துவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டி, ‘பெற்றுத் தள்ளுகிறார்கள், அதனால் வறுமை’ என்று மேல்நாட்டார் சிலர் ஏளனம் பேசும்போது நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தில் அச்சிறுமியின் நிலையை நியாயப்படுத்திவிடக் கூடாது. பள்ளிக்கூடம் இல்லாத ஊரில், பஞ்ச காலத்தில், ஒரு வாய் குறையட்டும் என்று பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறான் தகப்பன். வானம் பொய்ப்பதன் விலையைக் கடைசியில் செலுத்துகிறவள் அவள்.

எண்ணெய்க்கு வருவோம், கேள்விச் சீட்டுகளில் பாதி அதைப் பற்றியவை. அகாதெம் வயலிலிருந்து பெனின் நாட்டுக் கடற்கரை வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் குழாய் போட்டு, 2024 மே மாதத்தில் நைஜர் கச்சா எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிற்று. உலகம் வேகும்போது இன்னும் எண்ணெய் எடுக்கலாமா? எடுக்க வேண்டாமென்று சொல்லும் உரிமை, பதினான்கு டன் புகை விடுகிறவனுக்கு இல்லை என்பதே என் கருத்து. நிலத்தடியிலேயே விட்டுவிடு என்று சொல்ல வேண்டுமானால் விலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும். என் கவலை வேறு. குழாயில் எண்ணெய் கடல் சேரும் முன்பே, சீன நிறுவனத்திடம் 40 கோடி டாலர் முன்பணம் வாங்கிவிட்டார்கள். ஏழு விழுக்காடு வட்டி. எண்ணெயாகவே அடைக்க வேண்டும். யுரேனியத்தை நம்பிக் கடன் வாங்கிய பழைய கணக்கேட்டில் இது அடுத்த பக்கம்போல் தோன்றுகிறது. அந்த ஒப்பந்தத்தைச் சட்டமன்றத்தில் வைத்துக் கேள்வி கேட்க அங்கே சட்டமன்றம் இல்லை.

இத்தனைக்கும் அந்நாட்டுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. 1965லேயே நியாமேயில் சூரிய ஆற்றல் அலுவலகம் ஒன்றை நிறுவினார்கள். அதை நடத்தியவர் அப்து முமுனி என்ற இயற்பியல் அறிஞர். ஆப்பிரிக்கக் கல்வியைப் பற்றி 1964இல் நூல் எழுதியவர். வெயிலைக் கொண்டு நீர் காய்ச்சும் கருவிகளை அங்கே செய்தார்கள். யுரேனியம் பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தலைக்கு மேலிருந்த ஆற்றலைக் கறக்கும் வழியை ஒரு நைஜர் அறிஞர் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பணம் சொற்பம். இன்று நியாமே பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நியாமே அருகே கோரு பண்டாவில் 30 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2023இல்தான் வந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் திருத்தத்தைப் படித்துவிட்டு அமர்கிறேன். ஐந்தாவது தீர்மானத்தில் ‘இராணுவ ஆட்சியை மனமார வாழ்த்துகிறோம்’ என்ற சொற்களை நீக்கிவிட்டு, கீழ்க்கண்டவாறு அமைக்க முன்மொழிகிறேன்:

“நைஜர் நாட்டின் யுரேனியம் அந்நாட்டு மக்களுக்கே உரியது என இம்முகாம் கருதுகிறது, சுரங்கம் நாட்டுடைமையானதை வரவேற்கிறது. அதன் வருவாய் எங்கே செல்கிறதென்று கேட்கும் உரிமை அம்மக்களுக்கு வேண்டுமாதலால், கலைக்கப்பட்ட கட்சிகளுக்கும் தொழிலாளர், உழவர் சங்கங்களுக்கும் முழு உரிமை திரும்ப வழங்கப்பட வேண்டுமென்றும், சிறைவைக்கப்பட்ட அரசியல் தலைவர்கள் விடுவிக்கப்பட வேண்டுமென்றும் கோருகிறது. பருவநிலை மாற்றத்தால் நேர்ந்த இழப்புக்குச் செல்வ நாடுகள் கடனாக அன்றி ஈட்டுத்தொகையாகப் பொருள் வழங்க வேண்டும். அப்பொருள் மராடி, தகுவா, ஜிண்டர் வட்டார உழவர்களின் கைக்கு நேரே சேர வேண்டும்.”

வழிமொழிய விரும்பும் தோழர்கள் மதிய உணவுக்குப் பின் என்னிடம் பெயர் கொடுக்கலாம். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் இப்பொழுதே எழுந்து பேசலாம்.